அங்கிள் டோப்பா, வேற லெவல்

செல்வதாசின் தலையில் இருப்பது முடி இல்லை என்று அருமனை ஊர் முழுக்கத் தெரியும். ரப்பர் ஷீட்டைக் கொண்டுவந்து அவர் கடையில் எடைபோடுகிறவர்களுக்குத் தெரியும். சபை ஆராதனையில் அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்கிற அந்த ஒரு சங்கதி மட்டும் செல்வதாசுக்குத் தெரியாது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், முப்பத்தாறு வயதில், கண்ணைப் பரிசோதிக்கிறேன் என்று திருவனந்தபுரம் போனார். போகும்போது துலக்கிவைத்த வெண்கலச் செம்புபோல இருந்த தலை, மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது கன்னங்கரேலென்று வகிடெடுத்து இருந்தது. கண் டாக்டர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. மனுஷனுக்கு மூக்குக்கு மேலே கோபம். ஆனால் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிற ஆள். அவரை எதற்கு நோகடிப்பது என்று ஊரே பேசிவைத்தாற்போல வாயை மூடிக்கொண்டது. அதன் பிறகு நாலு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் கண் பரிசோதனைக்குப் போவார். கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது.

மீசைக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே போனது. இன்றைய தேதிக்கு மீசைக்கு ஐம்பத்தெட்டு, தலைக்கு முப்பத்தாறு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜங்ஷனில் இருக்கும் லிஜினின் சலூனுக்குப் போய் நாற்காலியில் ஏறி உட்காருவார். லிஜின் கழுத்தில் துணியைக் கட்டி, காதோரத்துச் சொந்த முடியை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, மீதிப் பத்து நிமிஷம் வெறும் காற்றில் கத்திரியைச் சிலுக் சிலுக்கென்று ஆட்டுவான். "ரொம்பக் கொறச்சிராத மக்கா" என்பார் செல்வதாஸ். "இல்ல அண்ணாச்சி" என்பான் அவன். இதை இரண்டு பேரும் சிரிக்காமல்தான் செய்தார்கள்.

வீட்டில் அந்தப் பொருளுக்குப் பெயரே கிடையாது. மனைவி ராகேல் அதைத் தொட்டதில்லை, மகள் அஜிஷா அதைப் பார்த்ததில்லை என்பதாக ஓர் ஏற்பாடு. குளியலறைக் கதவு காலையில் அரை மணி நேரம் மூடியிருக்கும், பிறகு திறக்கும், அவ்வளவுதான். டோப்பா என்கிற சொல் அந்த வாசற்படி ஏறக் கூடாது. நல்லவேளை, இந்தப் பக்கத்தில் தோப்புக்கு விளை என்றுதான் பெயர். இல்லாவிட்டால் வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை நிற்கிற இடத்தைச் சொல்லக்கூட ராகேல் திண்டாடியிருப்பாள்.

இந்தக் கூத்தில் அடி வாங்கியது அஜிஷாதான். அவளுக்கு இருபத்தொன்பது வயது. மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. அவளுக்கு வந்த எட்டு வரன்களைச் செல்வதாஸ் தட்டிக் கழித்திருந்தார். ஒருத்தனின் தாய்மாமன் பேசும்போது இவர் கண்ணைப் பார்க்காமல் நெற்றிக்கு மேலேயே பார்த்தான். இன்னொருத்தனின் அக்கா வேர்க்கிறது என்று சொல்லி ஃபேனை ஐந்தில் வைத்தாள். மூன்றாவது வீட்டில், உள்ளே நுழையும்போது ஒருவர் "தலைய பாத்து வாங்க, நிலை தட்டும்" என்று சொல்லிவிட்டார். அது அக்கறையா குத்தலா என்று ஒரு வாரம் யோசித்து, குத்தல்தான் என்று முடிவுசெய்தார் செல்வதாஸ். வெளியே சொன்ன காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். "குடும்பம் சரியில்ல." இப்படியே எட்டுக் குடும்பங்கள் சரியில்லாமல் போயின.

ஒன்பதாவதாக வந்தவன் ஷிஜின். வடசேரிச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்கிற ஜான்ரோஸின் மகன். எட்டு வருஷமாக ஷார்ஜாவில் சேஃப்டி ஆபீசர், இப்போது லீவில் வந்திருந்தான். வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டுக்கொண்டே உட்கார்ந்தான் என்பதைத் தவிர அவனிடம் குறை சொல்ல ஏதுமில்லை. பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசினான். அதிலேயே செல்வதாஸ் பாதி விழுந்துவிட்டார். அஜிஷாவோ முழுசாகவே விழுந்துவிட்டாள். போனில் அவள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டு, ராகேல் மனசுக்குள் பட்டுச்சேலை எடுக்கக் கிளம்பியிருந்தாள்.

வருகிற ஞாயிறு முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசித்த பிறகுதான் கல்யாணம். ஷிஜினின் லீவு அதற்குக் கணக்காக இருந்தது. முதல் ஓலை ஒரு வாரம் தள்ளினால் மாப்பிள்ளை விமானத்தில் இருப்பான், அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து சிதறால் மலைக்குப் போனார்கள். உச்சியில் ஆளைத் தள்ளுகிற காற்று. அங்கே எடுத்த போட்டோவில் ராகேலின் சேலை பறக்கிறது, ஜான்ரோஸின் தலையில் மிச்சமிருக்கும் பத்துப் பன்னிரண்டு முடியும் எழுந்து நிற்கிறது, அஜிஷாவின் முகத்தையே காணோம், எல்லாம் கூந்தல். ஷிஜின் தொப்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறான். நடுவில் செல்வதாஸ். அவர் தலையில் ஒரு மயிரிழை அசையவில்லை.

அந்தப் போட்டோவை அஜிஷா இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான வாட்ஸப் குழுவில் போட்டாள். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதற்குக் கீழே ஷிஜினிடமிருந்து ஒரு வரி வந்தது.

"அங்கிள் டோப்பா. வேற லெவல்."

குழுவில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு யாருக்கோ சமயோசிதம் வந்து, ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் ஒன்றை அனுப்பினார்கள், அந்த வரி மேலே போய் மறையட்டும் என்று. உடனே இன்னொரு காலை வணக்கம். சாயங்காலம் ஐந்தேகாலுக்குள் ஆறு காலை வணக்கம் வந்து விழுந்தன.

பிரயோஜனமில்லை. செல்வதாஸ் கடையில் உட்கார்ந்து அதை வாசித்துவிட்டார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லாததால் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை, உச்சந்தலைக்கு மேலே இருந்ததையும் சேர்த்து, தீப்பற்றினாற்போல இருந்தது அவருக்கு. பாதி எடைபோட்ட ஷீட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ராகேலே, இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"எதுக்கு?"

"குடும்பம் சரியில்ல."

ராகேலிடமும் போன் உண்டு. அவளும் பார்த்திருந்தாள். காரணம் அவளுக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. எனவே அவள் சும்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அஜிஷா வேலையிலிருந்து ஓடிவந்தாள். வழியிலேயே ஷிஜினைக் கூப்பிட்டு விசாரித்திருந்தாள்.

"அப்பா, அது டோப். இங்கிலீஷ் வார்த்தையாக்கும். கொள்ளாம், நல்லாருக்குன்னு அர்த்தம். அவன் கடையில கொல இறக்கிட்டு நின்னிருக்கான், கை முழுக்க வாழக்கற. அதனால போன்ல வாயால சொல்லியிருக்கான். டோப், பான்னு தனித்தனியாட்டு சொன்னத போன் சேத்து எழுதிட்டு."

"சேத்து எழுதினா என்ன வருது?" என்று கேட்டார் செல்வதாஸ்.

அஜிஷா வாயைத் திறந்தாள், மூடினாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள். "ஒண்ணும் வரல்ல" என்றாள் அஜிஷா.

"ஒண்ணும் வரல்லன்னா பின்ன எதுக்கு மூச்செரைக்க ஓடி வந்த?"

 செல்வதாஸ் யோசித்தார். அவருடைய தொல்லை இதுதான்: அவமானம் நடந்தது உண்மை, ஆனால் என்ன அவமானம் என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் தலையில் இருப்பது இன்னதென்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். இந்த நேரத்தில் மகளே ஒரு வழியைக் காட்டியிருந்தாள். அது ஏதோ இங்கிலீஷ் வார்த்தையாம். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு நல்ல அர்த்தம்தான் இருக்க வேண்டுமென்று சட்டமா என்ன. சட்டையை மாட்டிக்கொண்டு ராஜையன் வீட்டுக்கு நடந்தார்.

ராஜையன் சபைச் செயலாளர். தபால் இலாகாவில் இருந்து ரிட்டையர் ஆனவர். அருமனையில் இங்கிலீஷில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தீர்ப்பு அவருடையதுதான். அவரிடம் தலையணை கனத்தில் ஓர் ஆங்கில அகராதி உண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அச்சானது. துண்டில் பொதிந்து வைத்திருந்ததை எடுத்துப் பிரித்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"டி, ஓ, பி, ஈ. இருக்கு. அர்த்தம் அஞ்சாறு கெடக்கு ஓய். மொதலு ரெண்டும் என்னமோ பசை, வார்னிஷ்னு கெடக்கு, அது நமக்கு வேண்டாம். மூணாவது..." அவர் குரல் இறங்கியது. "அபின், கஞ்சா மாதிரிப்பட்ட லாகிரி வஸ்து."

"அடுத்தது?"

"மடையன்."

செல்வதாசுக்கு அப்படியொரு நிம்மதி. கஞ்சாக்காரன், மடையன், இரண்டுமே நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய அவமானங்கள். முகத்தைக் கஷ்டப்பட்டுக் கோபமாக வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைப் பயல் தன்னை எல்லாருக்கும் முன்னால் கஞ்சா என்று சொல்லிவிட்டதாக முறையிட்டார். அதையும் வேற லெவல் கஞ்சா என்று.

ராஜையன் அகராதியை மூடினார். ஓலை விஷயத்துக்காக அவரையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்கள், ஆறு காலை வணக்கத்தில் இரண்டு அவருடையது. செல்வதாசுக்கு எங்கே வலிக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அச்சில் இருக்கிற அர்த்தத்தை இல்லையென்று சொல்ல அவர் படித்த படிப்பு விடவில்லை. "கஞ்சா விவகாரம்னு வந்தா பின்ன நான் ஓலைய அப்பிடியே வாசிக்கக் குடுக்க முடியாது. ரெண்டு கூட்டரையும் வச்சு விசாரிக்கணும். சனிக்கெழம மூணு மணிக்கு ஒம்ம வீட்டுல" என்றார்.

வார்த்தை ஒருமுறை வெளியே போனால் அது போகிற வழியைச் சொல்ல முடியாது. அருமனையில் புறப்படும்போது ஷிஜின் செல்வதாசைக் கஞ்சா என்று சொன்னதாக இருந்தது. மார்த்தாண்டம் தாண்டும்போது ஷிஜின் கஞ்சா அடிப்பான் என்றானது. வடசேரிச் சந்தையில் போய் இறங்கும்போது, ஷார்ஜாவில் கஞ்சா கேஸில் வேலை போய்த்தான் பையன் ஊருக்கு வந்திருக்கிறான் என்று ஆகியிருந்தது. ஜான்ரோஸ் போனில் கூப்பிட்டுக் கத்தியதில், செல்வதாஸ் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்க மவன் பீடி மணத்தாலே தும்முவான் ஓய். அவன கஞ்சாங்கியரா? சனிக்கெழம நான் வாறேன். வந்து கேக்க வேண்டியத கேட்டுட்டு, எனக்க மவனுக்கு வேற எடத்துல பெண்ணு பாத்துக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஜிஷா அப்பாவின் அறைக்கு வந்தாள். கதவை மூடிவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். அழுது முடித்த முகம், ஆனால் குரல் திடமாக இருந்தது.

"எட்டு பேர வேண்டாம்னு சொன்னிய. ஒரு தடவகூட எதுக்குன்னு நான் கேக்கல்ல. எனக்கும் அவனுகள பெருசாட்டு பிடிக்கல்ல, அதனால சும்ம இருந்தேன். இவன எனக்குப் பிடிச்சிருக்குப்பா. இவன் இல்லன்னா எனக்கு இனி யாரும் வேண்டாம்."

"அவன் என்ன சொன்னான்னு..."

"அவன் சொன்னது என்னன்னு எனக்குத் தெரியும். நீங்க வாசிச்சது என்னன்னுதான் நீங்க சொல்ல மாட்டங்கிய."

செல்வதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் மேல் அவருக்கு உயிர். அவளுக்காக ரப்பர் விளையை விற்கச் சொன்னால் அந்த நிமிஷமே விற்பார், ஒரு சிறுநீரகத்தைக் கேட்டால் எந்தப் பக்கத்தது என்றுதான் கேட்பார். ஆனால் இந்த ஒரு சொல்லை மட்டும் வாயால் சொல்ல அவரால் முடியாது. இப்படியும் ஒரு தகப்பனா என்று அவருக்கே அசிங்கமாக இருந்தது. அசிங்கமாக இருந்தும் திரும்பவில்லை. அஜிஷா கதவைத் திறந்துகொண்டு போனாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ராஜையன் அகராதியோடு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜான்ரோஸும் ஷிஜினும் எதிரே. ராகேல் கட்டன் காப்பியும் ஏத்தங்காய் சிப்ஸும் கொண்டுவந்து வைத்தாள். ஜான்ரோஸ் சிப்ஸைத் தொடவில்லை. வாழைக்காய் வியாபாரி சிப்ஸைத் தொடாமல் உட்கார்ந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அஜிஷா அடுக்களை வாசலில் நின்றாள்.

"டோப்புங்கிற வார்த்தையச் சொன்னது நீதானா?" என்று ஆரம்பித்தார் ராஜையன்.

"நான்தான்" என்றான் ஷிஜின். "கெட்டதா ஒண்ணும் சொல்லல்ல. இப்போ எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. ஒரு சாதனம் சூப்பராட்டு இருந்தா டோப்."

"இதுல அப்பிடி இல்லியே" என்று அகராதியைத் தட்டினார் ராஜையன்.

"அது அறுபத்திரண்டுல அச்சடிச்சது. இந்த அர்த்தம் அதுக்குப் பொறவு வந்ததாக்கும். அமெரிக்காவுல பாட்டுப் பாடுத பயலுவ கொண்டு வந்தது. நீங்க அர்த்தத்த விட்டுட்டு, இந்த வார்த்த எங்கேருந்து வந்ததுன்னு போட்டிருக்கத வாசிங்க. நேத்து முழுக்க நான் இதத்தான் தேடி வாசிச்சிட்டு இருந்தேன்."

ராஜையன் மனசில்லாமல் பக்கத்தைப் புரட்டினார். வரியின் மேல் விரலை ஓட்டினார். விரல் நின்றது. "டச்சு பாஷையில இருந்து வந்தது" என்று வாசித்தார். "தொட்டுக்கூட்டுத சாறு. குழம்பு."

"குழம்பா?" என்றார் ஜான்ரோஸ், கோபத்தை ஒரு நிமிஷம் மறந்து.

"குழம்புதான். டச்சுக்காரன் ரொட்டிய முக்கித் தின்னுத குழம்பு" என்றான் ஷிஜின். "அதுல இருந்து எது கெட்டியா குழகுழன்னு இருந்தாலும் டோப்புன்னானுவ. அபினக் காய்ச்சினா குழம்பாட்டு வரும், அதுவும் டோப். அதக் குடிச்சிட்டு புத்தி மயங்கிக் கெடக்கவனும் டோப், அதுதான் மடையன். பொறவு பந்தயக் குதிரைக்கு அத ரகசியமாக் குடுத்தானுவ. எந்தக் குதிரைக்குக் குடுத்திருக்குன்னு தெரிஞ்சவன் ஜெயிப்பான், அதனால உள்ரகசியத்துக்கும் டோப்புன்னு பேரு வந்துதுங்கியாங்க. கடைசியா வந்ததுதான் சூப்பர்."

"நம்ம கொளச்சல்ல வச்சு அடிச்சு வெரட்டினோமே, அந்த டச்சுக்காரனா?" என்று கேட்டார் ஜான்ரோஸ்.

"அவனுக்க சொந்தக்காரனுவ, அமெரிக்காவுக்குப் போனவனுவ."

"அங்கேயும் போய் குழம்புதான் வச்சிருக்கான்" என்று சொல்லி ஜான்ரோஸ் ஒரு சிப்ஸை எடுத்தார்.

ஷிஜின் ராஜையனைப் பார்த்து மரியாதையாகச் சொன்னான். "இன்னொண்ணு உண்டு. முக்குததுக்கு டச்சு பாஷையில என்ன வார்த்தையோ, அதேதான் ஞானஸ்நானத்துக்கும். அங்க சபையில பிள்ளைக்கு டோப்புதான் குடுப்பாங்க."

ராஜையன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானம் எழுதிய கை அது. கஞ்சா, மடையன், குழம்பு எல்லாவற்றையும் விசாரிக்கலாம், இதை எந்த விதியில் போட்டு விசாரிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "செல்வதாசு, நான் பாத்த வரைக்கும் பையன் உம்மள ஒண்ணு குழம்புன்னு சொல்லியிருக்கான், இல்லன்னா ஞானஸ்நானம்னு சொல்லியிருக்கான், இல்லன்னா நல்லாருக்கியருன்னு சொல்லியிருக்கான். மூணுலயும் குத்தம் இல்ல. ஓலைய வாசிக்க எனக்குத் தடையில்ல" என்றார்.

எல்லாரும் செல்வதாசைப் பார்த்தார்கள். அவர் பிடித்துத் தொங்கிய கயிறு அறுந்துவிட்டது. கஞ்சாவும் போயிற்று, மடையனும் போய்விட்டான். கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல், அதைச் சொல்ல முடியாது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சம்மதம் இல்ல" என்றார்.

"என்ன காரணம்?" என்றார் ராஜையன்.

"சம்மதம் இல்ல. அவ்வளவுதான்."

ஜான்ரோஸ் வாயிலிருந்த சிப்ஸை மென்று முடித்து எழுந்தார். "கேட்டியாலே? காரணமே இல்லாம வேண்டாங்கியாரு. எந்திரி, போவோம். இனி இந்தப் படி ஏறினா எனக்க பேரு ஜான்ரோஸ் இல்ல." ஷிஜின் எழவில்லை. அவன் அடுக்களை வாசலைப் பார்த்தான். ஜான்ரோஸ் அவன் தோளைப் பிடித்து எழுப்பினார். செருப்பைத் தேடி இரண்டு பேரும் வாசல் பக்கம் போனார்கள்.

அஜிஷா நடு அறைக்கு வந்தாள். அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் காலில் முள் தைத்தால் இப்படித்தான் வந்து உட்காருவாள்.

"அப்பா, அவங்க போனா போகட்டும். காரணத்த மட்டும் ஒருக்க சொல்லிருங்க. எனக்கு ஒரு காரணம் வேணும்ப்பா. காரணமில்லாம எனக்க வாழ்க்க போகக் கூடாது."

செல்வதாஸ் மகளைப் பார்த்தார். அவளுடைய காதோரத்தில் இரண்டு நரைமுடி இருந்தது. இதுவரை அவர் அதைக் கவனித்ததில்லை. இருபத்தொன்பது வயதில் தன் பிள்ளைக்கு நரைத்திருக்கிறது, தன் தலை மட்டும் கருப்பாக இருக்கிறது என்று நினைத்ததும் அவருக்குள் என்னவோ உடைந்தது.

"டோப்பா" என்றார்.  பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "நான் டோப்பான்னு வாசிச்சேன். எனக்க டோப்பாவ கேலி பண்ணுதான்னு நெனச்சேன். அதாக்கும் காரணம்."

ராஜையன் அகராதியைத் திறந்து மும்முரமாக எதையோ தேடினார். ஜான்ரோஸ் வாசலில் நின்று ஃபேனை அண்ணாந்து பார்த்தார். ராகேல் காலித் தம்ளர்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. "என்னது, டோப்பாவா?" என்று ஒரு பேச்சுக்குக்கூட யாரும் கேட்கவில்லை. செல்வதாஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு வருஷமாக இவர்கள் எல்லாரும் இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் தன்னோடு பேசியிருக்கிறார்கள் என்று அவருக்கு மெல்ல விளங்கியது. வெட்கத்தில் காது சுட்டது.

ஒரு முகம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஒரு கால் செருப்பை மட்டும் மாட்டியபடி நின்ற ஷிஜின் வாயைப் பிளந்து அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டோப்பாவா?" என்றான். "அங்கிள், அது ஒங்க முடி இல்லியா?"

"லே, சும்ம இரி" என்று அடிக்குரலில் சொன்னார் ஜான்ரோஸ்.

"எனக்கு யாரும் சொல்லல்லியே."

"இத எப்பிடிலே சொல்லுவாங்க? ஒனக்குக் கண்ணு இல்லியா?"

அஜிஷா எழுந்து போய் தன் போனை எடுத்துவந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். மலைக்குப் போய்வந்த அன்று ஷிஜின் அவளுக்குத் தனியாக அனுப்பியது அதில் இருந்தது. "ஒனக்க அப்பா தலையில என்ன எண்ணெய் தேய்க்கியாரு? அந்தக் காத்துக்கும் ஒரு முடி கலையல்ல. இந்த வயசுலயும் எப்பிடி இருக்கு பாரு. ஷார்ஜா தண்ணியில எனக்குப் பாதி போச்சு. கேட்டுச் சொல்லு." அதற்குக் கீழே மறுநாள்: "கேட்டியா?" அதற்கும் கீழே: "நீ கேக்க மாட்ட. நான் குழுவுல அங்கிள பாராட்டி ஒண்ணு போட்டுட்டு நேராட்டு நானே கேக்கேன்."

"நீ இதுக்கு பதில் எழுதல்லியா?" என்றார் செல்வதாஸ்.

"என்ன எழுத?" என்றாள் அஜிஷா.

செல்வதாஸ் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஷிஜினைப் பக்கத்தில் வரச் சொல்லி, "தொப்பிய எடு மக்கா" என்றார். அவன் தயங்கித் தயங்கி எடுத்தான். நெற்றி உச்சி வரைக்கும் போயிருந்தது. ஜான்ரோஸ் உச்சுக் கொட்டினார். மகன் ஏன் வீட்டுக்குள்ளும் தொப்பியோடு திரிகிறான் என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அருமனையில் இத்தனை பேர். மார்த்தாண்டத்தில், வடசேரியில், சபையில், சந்தையில் இன்னும் எத்தனையோ பேர். அத்தனை பேரிலும் ஒரே ஓர் ஆள், ஒரே ஓர் ஆள் மட்டும் அதை முடி என்று நம்பியிருக்கிறான். அவனைத்தான் இவர் கிளப்பிவிட்ட பேச்சால் நாலு நாளாக ஊரெல்லாம் கஞ்சாக்காரன் என்று சொல்லித் திரிந்திருக்கிறது. அந்த ஒரு ஆளும் இப்போது இல்லை, அவனிடம் விஷயத்தைப் போட்டு உடைத்ததும் இவருடைய வாய்தான். செல்வதாசுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்தது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை.

"ராஜையன், ஓலைய நாளைக்கு வாசியும்" என்றார். அஜிஷா முகத்தைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். ஜான்ரோஸ் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சிப்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

செல்வதாஸ் ஷிஜினின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உண்மையாட்டும் நீ அத முடின்னா நெனச்ச?"

"சத்தியமாட்டு அங்கிள்."

"அப்பிடிச் சொன்னா பத்தாது மக்கா. இவங்களுக்கும் கேக்குத மாதிரி ஒருக்க சொல்லு."

ஷிஜின் தன் அப்பாவைப் பார்த்தான், ராஜையனைப் பார்த்தான், தம்ளர் தட்டோடு நின்ற ராகேலையும் பார்த்தான். "முடின்னுதான் நெனச்சேன்" என்றான் சத்தமாக.